மூன்று வாரக் கோடைக்கு ஒரு ஏசி: வாசகர் கேள்வி பதில்

குளிர்நாடுகளில் வாழும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: வீட்டுக்கு ஏசி மாட்டினால் என்ன செலவாகும்? இருபத்தாறு வருடங்களாக நான் செய்துவரும் தொழில் இது. அதில் பத்தொன்பது வருடம் பனி கொட்டும் இடங்களில்தான். அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஊர், பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடையதையும் போடவில்லை. எந்த நாட்டுப் பணத்திலும் விலை எழுதவில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், எவ்வளவு பொருள் தேவைப்படும் என்று தெரிந்தால், உங்கள் கையில் இருக்கும் கொட்டேஷனை நீங்களே படித்துப் புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: ஐயா, ஒரு டன் ஸ்ப்ளிட் ஏசிதான் கேட்டோம். கடையில் இயந்திரத்தின் விலையைப் பார்த்ததும் சரி, சமாளிக்கலாம் என்று நினைத்தோம். ஆனால் மாட்ட வந்தவர் கொடுத்த கொட்டேஷனில் மாட்டும் செலவு இயந்திரத்தைவிட அதிகம். முன்பு வெப்பமான நாட்டில் இருந்தபோது இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள். எங்களை ஏமாற்றுகிறார்களா?

கொட்டேஷனைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள், ரொம்ப உதவியாக இருந்தது. இரண்டு முறை படித்தேன். ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் நியாயம்தான். அந்த ஒரு வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சுவர். வெப்பநாட்டில் ஒரு செங்கல் சுவர், அதில் ஒரு துளை, முடிந்தது வேலை. குளிர்நாட்டுச் சுவர் ஒரு சுவர் அல்ல, நாலைந்து அடுக்கு. வெளியே செங்கல்லோ பலகையோ, அப்புறம் காற்றுத் தடுப்பு, அப்புறம் கை அகலத்துக்கு இன்சுலேஷன், அதற்கு உள்பக்கம் ஈரம் புகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள், கடைசியில் ஜிப்சம் பலகை. மொத்தம் 30, 40 சென்டிமீட்டர் வரும். அதில் சுமார் 65 மில்லிமீட்டர் அகலத்தில் துளை போட வேண்டும். தண்ணீர் வெளியே வடிவதற்காகத் துளை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு குழாய் உறை செருகி, அந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிந்தபடி விடாமல் உறையைச் சுற்றி டேப் போட்டு மூடி, இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்பவருக்கு இந்தத் துளை ஒன்றே ஒன்றரை மணி நேர வேலை.

அடுத்தது அவுட்டோர் யூனிட் உட்காரும் இடம். பனி எவ்வளவு உயரத்துக்குக் குவியுமோ அதற்கு மேலே அது நிற்க வேண்டும். தரையில் வைத்தால் ஜனவரியில் பாதி புதைந்துவிடும். ஆகவே ஒரு ஸ்டாண்ட். கூரை விளிம்புக்கு நேர் கீழே வைக்கவும் கூடாது. மேலிருந்து உருகிச் சொட்டுவது அதன்மேல் விழுந்து உறையும், சில நாள் கூரையில் தொங்கும் கூரான பனிக்கட்டியே முறிந்து விழும். மரச்சட்ட வீடாக இருந்தால் சுவரில் பிராக்கெட் போட்டு மாட்டுவதை நான் விரும்புவதில்லை. கம்ப்ரசரின் அதிர்வு சுவர் வழியாகப் படுக்கையறைக்குள் வந்துவிடும். உங்கள் கொட்டேஷனில் தரையில் ஊன்றும் ஸ்டாண்ட் போட்டிருக்கிறார். அதிலேயே எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

அப்புறம் மின்சாரம். எரிவாயுவிலோ எண்ணெயிலோ சூடேற்றும் பழைய வீடுகளில் மின் இணைப்பு சிறியதாகவே இருக்கும். ஏசிக்கென்று தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். பேனலில் காலி இடம் இருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் பேனலையே மாற்றச் சொல்வார்கள், அதற்கான செலவு ஏசியின் விலையைத் தொட்டுவிடும். உங்கள் பேனலில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது என்று அவரே குறித்திருக்கிறார். அது உங்கள் நல்ல நேரம்.

கடைசியாகக் குழாய் இணைப்பு. இதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். காப்பர் பைப்பின் நுனியை விரித்து (ஃபிளேர் செய்து), இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, பிறகு வேக்கம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். வெற்றிடத்தை அளக்கும் மீட்டர் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நிற்க வேண்டும். குளிர்ந்த நாளில் குழாய்க்குள் இருக்கும் ஈரம் லேசில் ஆவியாகாது, அதனால் நேரம் இன்னும் கூடும். பொறுமை இல்லாதவர் பத்து நிமிடத்தில் பம்பைக் கழற்றிவிடுவார். அன்றைக்கு ஏசி நன்றாகவே ஓடும். ஆனால் உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, நாலைந்து வருடத்தில் கம்ப்ரசரைத் தின்றுவிடும். பல நாடுகளில் குளிர்பதன வாயுவைக் கையாளச் சான்றிதழ் பெற்றவர்கள்தான் இந்த வேலையைத் தொடலாம் என்று சட்டமே இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கும் சேர்த்துத்தான் கூலி கேட்கிறார்கள், கொடுக்கலாம்.

இப்போது அந்த ஒரு வரி. 'கேஸ் நிரப்புதல்' என்று தனியாக ஒரு பெரிய தொகை இருக்கிறது. புதிய ஸ்ப்ளிட் ஏசி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கேஸோடுதான் வருகிறது. குறிப்பிட்ட நீளம் வரைக்கும் அதுவே போதும், எத்தனை மீட்டர் என்று மேனுவலில் எழுதியிருக்கும். அதைத் தாண்டினால்தான் கூடுதல். ஆர்-32 என்ற குளிர்பதன வாயு உள்ள சின்ன இயந்திரங்களுக்கு மீட்டருக்கு 20 கிராம் அளவில்தான் வரும். உங்கள் வீட்டில் குழாய் ஓடுவது 4 மீட்டர். 'எத்தனை கிராம் சேர்க்கப் போகிறீர்கள்?' என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். சண்டை போட வேண்டாம். மற்ற வேலைகளை இவ்வளவு கவனமாக எழுதியவர் அதையும் திருத்திக் கொடுப்பார்.

கேள்வி: எங்கள் இடத்தில் உண்மையான வெயில் வருடத்துக்கு மூன்று வாரம்தான். அதற்குப் போய் இவ்வளவு செலவா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். நீங்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்போம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

பெரிய பொறுப்பைக் கொடுத்துவிட்டீர்கள். காகிதமும் பேனாவும் எடுத்து இருவரும் பக்கத்தில் உட்காருங்கள்.

வெப்பநாட்டில் ஏசி என்றால் மாட்டுகிற செலவு சிறிது, மின் கட்டணம் பெரிது. உங்கள் இடத்தில் நேர்மாறு. ஒரு டன் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு சுமார் 1 யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) மின்சாரம் இழுக்கும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 25 நாள் என்று வைத்தால் 150 யூனிட். இன்வெர்ட்டர் இயந்திரம் அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் அவ்வளவுகூட ஆகாது. கோடை முழுவதற்கும் அவ்வளவுதான். ஆக, நீங்கள் கொடுக்கப் போகும் பணம் கிட்டத்தட்ட முழுவதும் வாங்கும் அன்றும் மாட்டும் அன்றும் போய்விடுகிறது.

இயந்திரம் 15 வருடம் உழைக்கும் என்று கொள்ளுங்கள். வருடத்துக்கு 25 நாள் என்றால் மொத்தம் 375 நாள். கொட்டேஷன் தொகையை 375-ஆல் வகுங்கள். வருகிற எண் ஒரு நாள் குளிர்ச்சிக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அந்த எண்ணைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கணக்கில் வருடத்தில் மிச்சமிருக்கும் 340 நாள் விடுபட்டுவிட்டது. இன்று குளிர்நாட்டுக் கடைகளில் நிற்கும் ஸ்ப்ளிட் ஏசிகளில் பெரும்பாலானவை இரண்டு பக்கமும் ஓடுபவை. உள்ளே ஒரு வால்வு திரும்பினால் குளிர்விக்கும் இயந்திரம் சூடேற்றும் இயந்திரமாகிவிடும். அதைத்தான் ஹீட் பம்ப் என்கிறார்கள். நீங்கள் வருடத்தில் 200 நாள் வீட்டைச் சூடேற்றுகிறீர்கள் என்றால், அதே தொகையை 375-க்குப் பதில் 3,000-க்கு மேற்பட்ட நாட்களால் வகுக்க வேண்டும். வாக்குவாதம் அங்கேயே பாதி அடங்கிவிடும்.

மீதிப் பாதி, இப்போது எதில் சூடேற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மின் ஹீட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரு வருடத்தில் 6,000 யூனிட் வெப்பம் தேவைப்படும் வீட்டில் மின் ஹீட்டர் அந்த 6,000 யூனிட்டையும் மின்சாரமாகவே வாங்கும். ஹீட் பம்ப் குளிர்காலச் சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.8 யூனிட் வெப்பம் கொடுத்தால் ஏறக்குறைய 2,140 யூனிட் போதும். வருடத்துக்கு 3,860 யூனிட் மிச்சம். அதை உங்கள் மின் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள்.

எரிவாயு பாய்லர் என்றால் இரண்டு பில்லையும் எடுத்து ஒரு யூனிட் மின்சாரம் எவ்வளவு, அதே கிலோவாட்-மணிக் கணக்கில் ஒரு யூனிட் எரிவாயு எவ்வளவு என்று பாருங்கள். பாய்லர் 90 சதவீதத் திறனில் ஓடுகிறது, ஹீட் பம்ப் சராசரியாக 3 மடங்கு கொடுக்கிறது என்று வைத்தால், மின்சாரத்தின் விலை எரிவாயு விலையைப்போல 3.3 மடங்குக்குக் குறைவாக இருக்கும் வரை ஹீட் பம்ப்தான் மலிவு. அதற்கு மேல் போனால் சூடேற்றுவதில் மிச்சம் எதிர்பார்க்காதீர்கள். அப்போது உங்கள் ஏசி கோடைக்கு மட்டும்தான். முதல் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

சூடேற்றும் வசதி இல்லாத ஏசியை, விலை கொஞ்சம் குறைவு என்பதற்காகக் குளிர்நாட்டில் வாங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அதே துளை, அதே ஸ்டாண்ட், அதே வயர், அதே கூலி. அத்தனையும் கொடுத்துவிட்டு அந்த ஒரு வால்வுக்குக் கணக்குப் பார்க்கலாமா?

கேள்வி: மைனஸ் 20 டிகிரிக் குளிரில் வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் என்கிறார்கள். விற்பனைப் பேச்சா, உண்மையா?

உண்மை. காற்று நமக்குத்தான் உறைபனி. ஆர்-32 வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைப் பொறுத்தவரை மைனஸ் 20 என்பது சூடான இடம். அந்தக் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது ஆவியாகும், கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி வீட்டுக்குள் இறக்கும். நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் ஓடுகிறது. அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் சூடேற்றும் திறன், வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. குளிர் ஏற ஏற அந்தத் திறனும் குறையும், ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் வெப்பமும் குறையும். மைனஸ் 15-இல் நல்ல இயந்திரம் ஒரு யூனிட்டுக்கு இரண்டு யூனிட் அளவில் கொடுக்கும். கடைக்காரரிடம் மைனஸ் 15-க்கும் மைனஸ் 20-க்கும் உரிய திறன் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எல்லா நல்ல தயாரிப்பாளரும் அதை வெளியிடுகிறார்கள். அட்டவணை கொடுக்க மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொன்றையும் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எல்லோரும் மைனஸ் 20-ஐ நினைத்துப் பயப்படுகிறார்கள். அவுட்டோர் யூனிட்டுக்கு உண்மையான சோதனை பூஜ்யத்துக்கு அருகில் ஈரமான காற்று வீசும் நாட்களில்தான். கடும் குளிரில் காற்று வறண்டிருக்கும், யூனிட்டின் குழாய்ச் சுருளில் உறைபனி அதிகம் படியாது. பூஜ்யத்துக்கும் 5 டிகிரிக்கும் இடையில் சுருள் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி பூத்துவிடும். அப்போது இயந்திரம் தானாகவே சில நிமிடம் திரும்பி ஓடித் தன்னை உருக்கிக்கொள்ளும். இரவில் பக்கத்தில் நின்றால் தெரியும்: விசிறி நிற்கும், உஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு சுருளிலிருந்து புகை மாதிரி ஆவி எழும். பயந்துபோய் என்னை நள்ளிரவில் அழைத்தவர்கள் உண்டு. தீ அல்ல, அது அதன் வேலை.

உருகிய தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. போன மார்கழியில் ஒரு வீட்டில் பார்த்தேன். யூனிட்டின் அடித்தட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் கீழே கான்கிரீட்டில் உறைந்து, தூணாக வளர்ந்து, அடித்தட்டைத் தொட்டு உள்ளேயும் ஏறியிருந்தது. விசிறியின் இறக்கை அந்தப் பனிக்கட்டியில் உரசி ஒரு ஓரம் நறுக்கென்று உடைந்திருந்தது. உயரமான ஸ்டாண்ட், அடித்தட்டில் ஒரு சிறிய ஹீட்டர், கீழே நடைபாதை இல்லாத இடம், இந்த மூன்றும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அடித்தட்டு ஹீட்டர் உள்ள மாடலா என்று வாங்கும்போதே கேளுங்கள். பிறகு சேர்ப்பது செலவு.

பழைய சூடேற்றும் ஏற்பாட்டைக் கழற்றி எறியாதீர்கள். மிகக் கடுமையான நான்கைந்து இரவுகளுக்கு அது துணை நிற்கட்டும். அப்புறம், கூடத்தில் மாட்டிய ஒரு இயந்திரம் கூடத்தைத்தான் சூடாக்கும். கதவு மூடிய படுக்கையறைக்கு அது எட்டாது.

கேள்வி: பெரியதாக வாங்கிவிட்டால் நல்லதுதானே? இரண்டு டன் வாங்கலாம் என்கிறார் கணவர்.

வேண்டாம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட். 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு குளிர்ச்சி தருமோ அந்த அளவு. பனிக்கட்டி வண்டிகள் ஓடிய காலத்துக் கணக்கு அது. நன்றாக இன்சுலேஷன் செய்த குளிர்நாட்டு வீட்டில் ஒரு நடுத்தர அறைக்கு அதுவே தாராளம். அளவுக்கு மீறிய இயந்திரம் ஐந்து நிமிடத்தில் அறையைக் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. 22 டிகிரி இருக்கும், உடம்பு பிசுபிசுக்கும். வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1902-இல் முதல் நவீன ஏசியை வடிவமைத்ததே நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் சுருங்கி விரியாமல் இருப்பதற்காகத்தான். ஈரம் எடுப்பது அவ்வளவு முக்கியம்.

சூடேற்றவும் பயன்படுத்துவதென்றால் அளவைக் குளிர்காலத் தேவைதான் தீர்மானிக்கும். அப்போது மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடக்கூடிய இன்வெர்ட்டராகப் பாருங்கள். ஜன்னல், சுவர், கூரை எல்லாவற்றையும் அளந்து வெப்பக் கணக்குப் போடாமல், வாசலில் நின்றபடியே 'இரண்டு டன்' என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

கேள்வி: சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி வாங்கினால் மாட்டும் செலவே இல்லையே?

இல்லைதான். வாடகை வீடென்றால் வேறு வழியும் இருக்காது. ஆனால் ஒற்றைக் குழாய் உள்ளது அறையின் காற்றையே உறிஞ்சி வெளியே தள்ளும். போன காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வெளிச்சூடு உள்ளே வரும். இரட்டைக் குழாய் உள்ளது எவ்வளவோ மேல். குளிர்நாட்டு ஜன்னல்கள் பல உள்பக்கம் சாய்ந்து திறப்பவை. அந்த இடைவெளியை அடைக்கத் தனியாகத் துணிப் பட்டை விற்கிறார்கள், அதையும் சேர்த்து வாங்குங்கள். அதை விட்டுவிட்டால் மற்றது வீண்.

கேள்வி: ஏசி மாட்டி இரண்டாவது குளிர்காலம். இன்டோர் யூனிட்டுக்குக் கீழே சுவரில் பழுப்பாக ஒரு கறை. கோடையில் தண்ணீர் சொட்டவே இல்லை. மாட்டியவர் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்.

பெயின்ட் அடிக்காதீர்கள். இதே கறை என் வீட்டிலும் வந்தது.

நான் வாடகைக்கு இருந்த வீடு. வீட்டுக்காரர் அனுப்பிய ஆட்கள், நான் வேலைக்குப் போயிருந்த நாளில் வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதல் குளிர்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வருடம் பிப்ரவரியில், தேநீர்க் கறை மாதிரி, விளிம்பு மட்டும் அடர்த்தியாக, உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம். யூனிட்டைக் கொக்கியிலிருந்து மேலே தூக்கி, பின்னால் கையை விட்டேன். விரல் நுனியில் குளிர்காற்று சுரீரென்று அடித்தது. துளையில் உறையே போடவில்லை. உள்ளே பிளாஸ்டிக் தாள் நட்சத்திரம் மாதிரி கிழிந்து தொங்கியது. அதற்குப் பின்னால் கண்ணாடி இழைப் பஞ்சைப் பிடித்து இழுத்தால், பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஈரம். ஒரு பக்கம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. கோடைத் தண்ணீர் ஒரு சொட்டு அதில் இல்லை. வீட்டுக்குள் சமைப்பதும் குளிப்பதும் மூச்சு விடுவதுமாக உண்டாகும் ஈரம் அந்தக் கிழிசல் வழியாகச் சுவருக்குள் போய், குளிர்ந்த பக்கத்தைத் தொட்டுத் தண்ணீராகியிருந்தது.

உங்கள் சுவரிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். யூனிட்டை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமான பஞ்சை எடுத்துவிட்டு, காயவிட்டு, புதிய பஞ்சு வைத்து, உறை செருகி, தாளைச் சுற்றி டேப் போட்டு மூட வேண்டும். அரை நாள் வேலை. மாட்டியவருக்குப் படம் எடுத்து அனுப்பி, இது அவர் செலவில் செய்ய வேண்டியது என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொரு குளிர்காலம் விட்டால் மரச்சட்டம் அழுக ஆரம்பிக்கும். இப்போது மாட்டப் போகிறவர்கள், துளை போட்டதும் யூனிட்டை மாட்டுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல ஆள் மறுக்க மாட்டார்.

கேள்வி: குளிர்காலத்தில் அவுட்டோர் யூனிட்டை பிளாஸ்டிக் உறையால் மூடிவைக்கலாமா?

சூடேற்றப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கூடவே கூடாது, அது மூச்சு விட வேண்டும். கோடைக்கு மட்டும் என்றால் மேலே மட்டும் ஒரு பலகை போதும். நாலு பக்கமும் கட்டினால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், எலி குடித்தனம் வைக்கும். பிரேக்கரை அணைத்து வைத்திருந்தால், மறுபடி ஓட்டுவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் சூடாக வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது மேனுவலில் இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பில் காற்றைச் சூடாக்கி டக்ட் வழியாக அறைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அதிலேயே ஏசி சேர்க்கலாம் என்கிறார்கள்.

சேர்க்கலாம், சுவர்த் துளைகள் மிச்சம். டக்ட் அளவை மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சூடான காற்று கொஞ்சம் போனாலே அறை சூடாகிவிடும் என்பதால் அந்தக் குழாய்களைச் சிறிதாகவே போட்டிருப்பார்கள். குளிர்விக்க அதைவிட அதிகக் காற்று வேண்டும், ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி. குழாய் போதாவிட்டால் மாடி அறைகள் சூடாகவே இருக்கும், கீழ்த்தளம் விறைக்கும். பரண் வழியாகப் போகும் குழாய்க்கு இன்சுலேஷன் இல்லையென்றால் கோடையில் அதன்மேல் வியர்த்துச் சொட்டும்.

கேள்வி: அண்ணா, எனக்கு ஒரு இயந்திரத்துக்குத்தான் பணம் இருக்கிறது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, இதய மாத்திரை சாப்பிடுகிறார். மேற்குப் பார்த்த அறை அவருடையது. கூடத்தில் மாட்டினால் எல்லோருக்கும் உபயோகம் என்கிறார்கள். மாட்ட ஆள் கிடைப்பதோ இன்னும் ஆறு வாரம் கழித்து. என்ன செய்யட்டும்?

தங்கையே, அம்மாவின் அறையில் மாட்டுங்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த வெப்ப அலையை நினைத்துப் பார்க்கிறேன். லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி. அந்த மாகாணத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர் என்று பின்னர் விசாரணை அறிக்கை சொன்னது. பெரும்பாலோர் முதியவர்கள். ஏறக்குறைய எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனவர்கள். குளிரைத் தாங்கக் கட்டிய வீடு, ஒருமுறை சூடேறினால் அந்தச் சூட்டையும் அதே போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவிலும் இறங்காது. மேற்கு அறையென்றால் இன்னும் மோசம். வடக்கே போகப் போகக் கோடை மாலை நீளம், சூரியன் தாழ்வாக நின்று மணிக்கணக்கில் கண்ணாடியில் நேராக அடிக்கும்.

அந்த அறைக்கு ஒரு டன்னுக்கும் குறைந்ததே போதும். முக்கால் டன் கேளுங்கள், விலையும் குறையும். குளிர்காலத்தில் அதே இயந்திரம் அம்மாவின் அறையைச் சூடாக வைக்கும். வீட்டில் அதிக நேரம் சூடு தேவைப்படுவது அவருக்குத்தானே.

ஆறு வாரத்துக்கு: ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மறைப்புப் போடுங்கள். வெள்ளைத் துணியோ மூங்கில் தட்டியோ எதுவானாலும் சரி. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகு திரைச்சீலை இழுத்துப் பெரிய பயனில்லை. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்து, வெளியே உள்ளேயைவிடச் சூடானதும் மூடிவிடுங்கள். அம்மாவின் தலைமாட்டில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 35 டிகிரியை நெருங்கிவிட்டால் மின்விசிறியை நம்பி இருக்க வேண்டாம். அது சூடான காற்றைத்தான் வீசும், வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு. அன்று அவரை ஏசி உள்ள இடத்துக்கு, நூலகமோ தெரிந்தவர் வீடோ, அழைத்துப் போய்விடுங்கள். சூட்டு நாட்களில் மாத்திரையின் அளவை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

மாட்டுபவரிடம் வீட்டில் இதய நோயாளி இருக்கிறார் என்று சொன்னீர்களா? சொல்லுங்கள். யாராவது தேதியை ரத்து செய்தால் என்னை முதலில் அழையுங்கள் என்று கேளுங்கள். நான் வேலை செய்த இடங்களில் அப்படிக் கேட்டவர்களை வரிசையில் முன்னால் கொண்டுவந்திருக்கிறோம். மாட்டி முடித்ததும் அம்மாவின் கட்டிலுக்கு நேராகக் காற்று விழாமல், காற்று வரும் வாயிலுள்ள தகட்டை மேல்நோக்கித் திருப்பி வைத்துவிட்டு, 25 டிகிரியில் ஓடவிடுங்கள். துளையின் படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.